முதலில் ஒயரைப் பிடுங்குங்கள்

பழுதான ஹார்ட் டிஸ்க்கை யார் கொண்டுவந்து மேஜையில் வைத்தாலும் அதை நான் உடனே கம்ப்யூட்டரில் மாட்டுவதில்லை. கொண்டுவந்தவருக்குப் பொறுக்காது. "ஒரு தடவ போட்டுத்தான் பாருங்களேண்ணே, இப்ப வந்தாலும் வரும்" என்பார். முதலில் அவரிடம் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்வேன். கடைசியாக வேலை செய்தபோது என்ன நடந்தது, கீழே விழுந்ததா, கரன்ட் எகிறியதா? அதற்குப் பிறகு எத்தனை முறை மாட்டிப் பார்த்தார்கள்? யாராவது திருகாணியைக் கழற்றித் திறந்தார்களா? பெரும்பாலான டிஸ்க்குகளின் கதி இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலிலேயே தெரிந்துவிடும்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், லாரன்ஸ் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாண ஸ்டுடியோக்காரர்கள், மஞ்சக்குப்பத்து வக்கீல் குமாஸ்தாக்கள், ஓ.டி. என்று நாங்கள் சொல்லும் முதுநகரில் மீன் கம்பெனிக் கணக்கு பார்ப்பவர்கள், சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வரும் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர்கள், அச்சகக்காரர்கள் என்று எல்லோரும் வருவார்கள். "எல்லாம் போச்சு" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். டிஸ்க் ஓடவில்லை என்பது ஒரு செய்தி. உள்ளே எழுதியது போய்விட்டது என்பது வேறு செய்தி. முதல் செய்தி வந்த அன்று இரண்டாவது பெரும்பாலும் உண்மையாக இருப்பதில்லை. அடுத்த இரண்டு மூன்று நாளில் நாமே அதை உண்மையாக்கிவிடுகிறோம். இதைத்தான் எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தகடுகள், அவற்றின்மேல் மெல்லிய காந்தப் பூச்சு. தகடு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றுகிறது. எழுதவும் படிக்கவும் ஒரு கையின் நுனியில் 'ஹெட்' இருக்கிறது. சுழலும் தகடு கிளப்பும் காற்றில் அது மிதக்க வேண்டும், தகட்டைத் தொடவே கூடாது. இன்றைய டிஸ்க்கில் அந்த இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். பீடிப் புகையின் துகள்கூட அந்த இடுக்கில் நுழைய முடியாது. 1956இல் ஐபிஎம் விற்ற முதல் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டடி விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தன; அது ஒரு டன் எடை, கொண்டது ஏறத்தாழ 5 எம்பி. இன்று சட்டைப் பையில் 2 டிபி போகிறது. இடைவெளி அவ்வளவு குறுகியதால்தான் இது முடிந்தது. கீழே விழுந்தால் தாங்காததற்கும் அதுவே காரணம்.

டிஸ்க் போடும் சத்தத்தை வைத்தே நோயைப் பாதி சொல்லிவிடலாம். "டிக்... டிக்... டிக்..." என்று ஒரே தாளத்தில் தட்டினால் ஹெட் அடி வாங்கியிருக்கிறது. தகட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று காட்டும் குறிகளை அதனால் படிக்க முடியவில்லை. கை பின்வாங்கி மறுபடி முயல்கிறது, மறுபடி தோற்கிறது. "ங்ங்" என்று மெல்லிய முனகலோ பீப் ஒலியோ கேட்டால் ஹெட் தகட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம், மோட்டார் சுற்ற முடியாமல் திணறுகிறது. இந்த இரண்டில் எது கேட்டாலும் உடனே ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். வளைந்த ஹெட் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் தகட்டை உரசுகிறது. உரசிய இடத்தில் காந்தப் பூச்சு கரும்பொடியாக உதிர்கிறது. அந்தப் பொடியில்தான் உங்கள் மகளின் கல்யாணம் இருந்தது. அதைத் திரட்டிப் படிக்க உலகத்தில் எந்த ஆய்வகத்தாலும் முடியாது.

தகடு நலமாயிருந்தால் எதிலிருந்தும் மீட்கலாம் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் சாட்சி ஒன்று உண்டு. கல்பனா சாவ்லா இருந்த கொலம்பியா விண்கலம் 2003 பிப்ரவரி 1 அன்று வானத்தில் சிதறியது. அதிலிருந்த ஒரு சீகேட் ஹார்ட் டிஸ்க், வெறும் 400 எம்பி, சுமார் ஆறு மாதம் கழித்து டெக்சாசில் ஒரு வற்றிய ஏரிப் படுகையில் கிடைத்தது. கருகி உருக்குலைந்த உலோகக் கட்டி. மூடியின் சீல் உருகி உள்ளே தூசு போயிருந்தது. ஆனால் கலம் உடைந்த நேரத்தில் அந்த டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கவில்லை, அதனால் தகடுகள் கீறலில்லாமல் இருந்தன. மீட்பு நிறுவனம் தகடுகளைக் கழுவி வேறொரு டிஸ்க்கின் உடலில் பொருத்தி 99 சதவீதத்தைப் படித்துவிட்டது. செனான் என்னும் வாயுவைப் பற்றி விண்வெளியில் செய்த பரிசோதனையின் அளவுகள் அதில் இருந்தன. 2008இல் அந்த ஆய்வு முடிவு வெளிவந்தது. வானத்திலிருந்து விழுந்து தப்பிய தகடு இது. நம் ஊரிலோ, மேஜையிலிருந்து விழுந்த டிஸ்க்கை இரவு முழுக்க மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றி, விடிவதற்குள் வழித்தெடுத்துவிடுகிறோம்.

சத்தமே இல்லாமல் கிடந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. கீழே இருக்கும் பச்சை போர்டு போயிருக்கலாம், தகடு பத்திரமாக இருக்கும். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் எங்கள் கரையைத் தாண்டிய பிறகு மாவட்டத்தில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. வாடகை ஜெனரேட்டரில் வீடுகள் ஓடின. திரும்ப லைன் வந்தபோதும் வோல்டேஜ் ஏறி இறங்கியது. அந்தப் பொங்கல் சமயத்தில் வந்தவை பெரும்பாலும் போர்டு செத்த டிஸ்க்குகள். பல போர்டுகளில் மின்சாரம் நுழையும் வாயிலில் ஒரு காவல் டையோடு உண்டு. வோல்டேஜ் எகிறினால் அது தான் எரிந்து ஷார்ட்டாகி மற்றதைக் காப்பாற்றும். அளந்து பார்த்து அதை மட்டும் எடுத்துவிட்டால் சில டிஸ்க்குகள் உடனே எழுந்துவிடும். உள்ளே இருப்பதைப் பிரதி எடுக்கும்வரை ஓடினால் போதும், காவல் போன டிஸ்க்கை அதற்கு மேல் பயன்படுத்தக் கூடாது.

தேவனாம்பட்டினம், முதுநகர்ப் பக்கம் இன்னொரு நோய். உப்புக் காற்று. போர்டுக்கும் உள்ளே இருக்கும் ஹெட்டுக்கும் இடையே வெறும் தொடுபுள்ளிகள்தான் இணைப்பு; அவை கறுத்துப் போகும். போர்டைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் அந்தப் புள்ளிகளை மெதுவாகத் தேய்த்துத் துடைத்தால் உயிர் வந்துவிடுவதும் உண்டு. கேட்க எளிது. ஆனால் இதை நம்பி எல்லா டிஸ்க்கின் போர்டையும் கழற்ற வேண்டாம். அதே மாடல் போர்டு ஒன்றைச் சென்னை ரிட்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி மாட்டினால் ஓடிவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய டிஸ்க்குகளில் ஓடியது. இப்போது ஒவ்வொரு டிஸ்க்கின் ஹெட்டுக்கும் ஏற்ற அளவுகள் தொழிற்சாலையிலேயே போர்டில் உள்ள எட்டுக் கால் சிப்பில் எழுதப்படுகின்றன. அந்தச் சிப்பையும் பழைய போர்டிலிருந்து எடுத்துப் புதிய போர்டில் பற்றவைக்க வேண்டும். எரிந்த போர்டைக் குப்பையில் போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்றும் ஒரு வைத்தியம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு, ஃப்ரீசரிலிருந்து எடுத்த இரும்பு வெளியே வந்ததும் வியர்க்கும். அந்த வியர்வை தகட்டில் படியும். செய்யாதீர்கள்.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்குக்கு மருத்துவம் நாம் நினைப்பதற்கு நேர் எதிராகத் தோன்றும். 2015 நவம்பர் மழையிலும் சரி, 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோதும் சரி, சனங்கள் செய்தது ஒன்றுதான்: வெயிலில் காயவைத்தார்கள், அரிசி டப்பாவில் புதைத்தார்கள். ஹார்ட் டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு சின்னத் துளை உண்டு. வெள்ளம் அதன் வழியாக உள்ளே போய்விடும். தண்ணீர் மட்டும் போவதில்லை, சேறும் உப்பும் சேர்ந்தே போகின்றன. காய்ந்தால் தண்ணீர் போய்விடும், சேறு தகட்டோடு இறுகிவிடும். ஈரத்தோடேயே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, மின்சாரம் கொடுக்காமல், தகட்டைக் கழுவத் தெரிந்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அது என் கடையில் ஆகிற காரியமில்லை. தூசு வடிகட்டிய காற்று ஓடும் மேஜை வேண்டும், அதே மாடலில், அதே ஃபர்ம்வேரில், ஹெட் தானம் செய்ய இன்னொரு டிஸ்க் வேண்டும். சென்னைக்கு அனுப்பிவிடுவேன். ஃபேன் சுற்றும் அறையில் டிஸ்க்கைத் திறந்து காட்டுகிற எவரிடமும் உங்கள் பொருளைக் கொடுக்காதீர்கள்.

டிஸ்க் கொஞ்சமாவது ஓடுகிறது என்றால் என் முதல் வேலை பிரதி எடுப்பது. எந்தக் கோப்பையும் திறந்து பார்ப்பதில்லை. தொடக்கம் முதல் கடைசி வரை ஒவ்வொரு செக்டராக இன்னொரு நல்ல டிஸ்க்குக்கு மாற்றுவேன். இதற்கு டிடிரெஸ்க்யூ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அது பிடிவாதம் பிடிக்காது. படிக்க முடியாத இடம் வந்தால் தாண்டிப் போய் நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொள்ளும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று ஒரு வரைபடம் எழுதி வைத்துக்கொண்டு பிறகு மெல்லத் திரும்பி வரும். விண்டோஸ் செய்வது இதற்கு மாறானது. "ஸ்கேன் செய்து சரி செய்யவா?" என்று கேட்டு, சாகக் கிடக்கும் டிஸ்க்கின் மேலேயே எழுதும். "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும்போது ஆமென்று சொல்லிவிட்டால், விரைவு ஃபார்மட் என்றால் பட்டியல் மட்டும் போகும், முழு ஃபார்மட் என்றால், விஸ்டா காலத்திலிருந்து, எல்லா இடத்திலும் சுழியம் எழுதப்படும். பிறகு தேடுவதற்கு ஒன்றுமில்லை.

கை தவறி அழித்த கோப்பு அப்படியில்லை. நகராட்சி வீட்டுவரிப் பேரேட்டில் ஒருவரின் பெயரை அடித்துவிட்டால் வீடு இடிந்துவிடுவதில்லை. அந்த மனையில் இன்னொருவர் கட்டத் தொடங்கும்வரை வீடு அங்கேயே நிற்கும். அதனால்தான் அழித்தது தெரிந்ததும் அந்த டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது, மீட்கும் மென்பொருளைக்கூட அதிலேயே பதியக் கூடாது. பேரேடே தொலைந்திருந்தால் வீடுகளின் வாசல் அடையாளத்தைப் பார்த்துத் தேடலாம். ஜேபெக் படம் எதுவானாலும் தொடங்கும் முதல் மூன்று பைட்டுகள் ஒன்றுதான். பழைய வேர்டு கோப்புக்கும் அப்படி ஒரு முகப்பு உண்டு. பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய போட்டோரெக் என்னும் இலவச மென்பொருள் டிஸ்க் முழுக்க இந்த முகப்புகளைத் தேடி அங்கிருந்து கோப்புகளை வெட்டி எடுத்துத் தரும். துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட பெரிய கல்யாண வீடியோவில் மட்டும் இது தடுமாறும், முகூர்த்தம்வரை வந்து நின்றுவிடும்.

இப்படி எடுத்த கோப்புகளுக்குப் பெயர் இருக்காது. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும்தான். தமிழில் வேலை செய்தவர்களுக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை, ஆகவே இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிதம்பரத்தில் அச்சகம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் பழைய மேஜைக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். "தம்பி, கோயில் மலர், பள்ளிக்கூட மலர், ஊர்ப் புலவருங்க புத்தகம், அம்புட்டு மேட்டரும் இதுலதான். சிலது ஒரு காப்பிகூட வெளிய இல்ல." டிஸ்க்கில் பேட் செக்டர்கள் நிறைய இருந்தன, மெதுவாகப் பிரதி வந்தது. பட்டியல் சிதைந்திருந்ததால் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பெயரில்லாத வேர்டு, பேஜ்மேக்கர் கோப்புகள் மலைபோல் குவிந்தன. திறந்தால் ஒன்றும் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல். உடன் வந்த பேரன், "எல்லாம் கரப்ட் ஆயிடுச்சு தாத்தா" என்றான்.

கரப்ட் ஆகவில்லை. பெரியவரைக் கேட்டேன்: "ஐயா, எந்த ஃபான்ட்டுல அடிச்சீங்க?"

"பாமினிதான் தம்பி. கடைசி வருஷங்கள்ல வேற ஒண்ணு ரெண்டு."

யுனிகோடு வருவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருந்தன. பாமினியில் 'சிதம்பரம்' என்று அடித்திருந்தால் கோப்புக்குள் கிடப்பது ஆர், பி, ஜே, கே, அரைப்புள்ளி, ஜி, யு, கே, அரைப்புள்ளி. எழுத்துரு இருந்தால் அது சிதம்பரம், இல்லாவிட்டால் குப்பை. ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவுக்கும் ஒரு கணக்கு. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று பொதுக் குறியீடுகளை அறிவித்தது, 2010இல் யுனிகோடை ஏற்றது. இடைப்பட்ட காலத்திலும் அதற்கு முன்பும் தட்டச்சான தமிழ் எத்தனையோ லட்சம் பக்கம் இன்னும் அந்தப் பழைய கணக்கில்தான் கிடக்கிறது. யுனிகோடு தமிழில் தேடினால் ஒன்றுகூட அகப்படாது. தமிழே இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லும். அதை நம்பி நல்ல கோப்புகளை அழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெரியவர் மலர்களின் தலைப்புச் சொற்களையும் ஊர்ப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதித் தந்தார். அவற்றைப் பாமினி விசைகளாக மாற்றி, குவியலுக்குள் தேடினேன். ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. இடம் தெரிந்த பிறகு யுனிகோடுக்கு மாற்றுவதற்கு இலவசக் கருவிகள் இருக்கின்றன. கடைசி வருஷங்களில் அடித்த சில கோப்புகளுக்கு மட்டும் எழுத்துருவின் பெயரே யாருக்கும் தெரியவில்லை. பழைய அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்து எந்த விசைக்கு எந்த எழுத்து என்று கணக்குப் போட வேண்டியிருந்தது. ஆகவே எழுத்துருக் கோப்பையும் உங்கள் மேட்டரோடு சேர்த்தே பத்திரப்படுத்துங்கள். இதற்கு ஆகும் இடம் ஒரு புகைப்படத்தைவிடக் குறைவு.

அவர் ஊர்க்காரருக்கு இது புதிய கதையும் இல்லை. தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த ஓர் அறையில் தேவார ஏடுகளைச் சோழ மன்னனும், இதே மாவட்டத்துத் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியும் மீட்டதாகத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. மன்னன் முதலாம் ராஜராஜன் என்பது பலரின் கருத்து. திறந்து பார்த்தால் ஏடுகள் கரையான் புற்றுக்குள். எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து, அரித்தது போக மிஞ்சியதை எடுத்தார்களாம். இன்று மூவர் பதிகங்கள் ஏறத்தாழ 800 நம் கையில் இருக்கின்றன. ஏடு கிடைத்ததே தவிர, அதைப் பாடும் பண் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த திருஎருக்கத்தம்புலியூரில், விருத்தாசலத்தை அடுத்த இன்றைய ராஜேந்திரப்பட்டினத்தில், அவர் வழியில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டுதான் பண் வகுத்தார்கள் என்று அதே புராணம் சொல்கிறது. இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்மேல் மரியாதை கூடிக்கொண்டே போகிறது. கரையானுக்கு எட்டாத இடத்தில் இருந்த பதிகம் ஒன்றும் உண்டு. சம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம் எந்த ஏட்டிலும் இல்லாமல் போய், 1917இல் திருவாரூர்ப் பக்கத்து அந்த ஊர்க் கோயில் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. வேறு ஊரில், வேறு பொருளில் ஒரு பிரதி.

இதையே பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் கணக்காகச் சொன்னார்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். கடலூர்க்காரர்களுக்கு அந்த மூன்றாவது விதிதான் முக்கியம். கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று வைத்துக்கொள்கிறார்கள். கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் நடுவே இருக்கும் கடையையும் வீட்டையும் ஒரே புயல் ஒரே இரவில் பார்த்துவிடும். ஒரு பிரதி திருச்சியிலோ சேலத்திலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டு அலமாரியில் இருக்கட்டும், அல்லது இணையச் சேமிப்பில் இருக்கட்டும்.

புதிதாக எஸ்எஸ்டி வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் தகடு இல்லை, விழுந்தாலும் உரசாது. ஆனால் அழித்த கோப்பின் இடத்தை அது தானாகவே துடைத்துவிடும். 'டிரிம்' என்று அதற்குப் பெயர். ஹார்ட் டிஸ்க்கில் நான் வாசல் பார்த்துத் தேடுவதுபோல அதில் தேட முடியாது. சிப்பு போனால் முன்னறிவிப்பாக ஒரு டிக் சத்தம்கூட வராது. பரங்கிப்பேட்டைப் பக்கம் கடல் உயிரிகளைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி, களத்தில் எடுத்த அளவுகளை எல்லாம் லேப்டாப்பின் எஸ்எஸ்டியில் மட்டும் வைத்திருந்தாள். அது ஒரு காலை எழவில்லை. "எதாவது வழி இருக்கா சார்?" என்று அவள் கேட்டபோது இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவளுடைய வழிகாட்டியின் மெயிலில் பாதி அட்டவணைகள் இருந்தன. மீதிக்கு ஈரம் பட்ட களக் குறிப்பேடுகளைப் பிரித்து மறுபடி தட்டச்சு செய்தாள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். பிரதி எடுத்த டிஸ்க்கை உங்கள் கம்ப்யூட்டரில் வேண்டாம், பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். பழைய மலர் ஒன்று, கல்யாணப் படம் ஒன்று, இந்த வருஷக் கணக்கு ஒன்று திறந்து பாருங்கள். தமிழ்க் கோப்பாயிருந்தால் எழுத்து தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரியாவிட்டால் எழுத்துருவைத் தேட இன்னும் நேரம் இருக்கிறது. அதை அடித்தவரும் ஊரில் இருப்பார்.